பெய்யாத மழையும் இரண்டாம் மதிப்பீட்டாளரும்

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர். சன்னலுக்கு முதுகு காட்டி அப்பா. வெளிச்சம் கண்ணில் பட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு எதிரே, சமையலறைக்கு எழுந்து போக வசதியாக அம்மா. அம்மாவின் வலப்பக்கம் பெரியவள். அவளை ஒட்டி அவள் கணவர், இந்த வீட்டின் ஒரே மாப்பிள்ளை, பேராசிரியர். மேசையின் ஓரத்தில், ஒரு கால் ஆடும் நாற்காலியில் சின்னவள். அந்த நாற்காலி அவளுக்கு என்று யாரும் ஒதுக்கவில்லை. கடைசியாக வருபவளுக்கு அதுதான் மிஞ்சும்.

வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு இவர்களைத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருபவர்களுக்காக நாலு வரி.

அப்பா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் கீழே ஒரு விளக்கம் சேர்ப்பார் என்பதால் மகள்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. பெரியவள், ஆய்வு நூல்களின் கடைசிப் பக்கங்களில் வரும் அகரவரிசைச் சொல்லடைவைத் தயாரிப்பவள். அவள் கணவர் ஆப்பிரிக்க வரலாற்றில் பெயர் பெற்றவர். சின்னவளுக்கும் அதே துறைதான். ஆனால் வேறு கல்லூரி, தற்காலிக வேலை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரை ஊரின் மீன் விற்கும் பெண்களைப் பற்றி நாலு வருடமாக ஆராய்கிறாள். வருகிற வியாழக்கிழமை, அவள் வேலையை நிரந்தரமாக்குவதா, முடித்துக்கொள்வதா என்று குழு கூடுகிறது. ஒரு கட்டுரையாவது நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டிருந்தால் வேலை நிற்கும். இல்லையென்றால் இல்லை.

ஆய்விதழிலிருந்து அவளுக்குப் பதில் வந்ததோடு போன வாரம் நின்றோம். அதில் என்ன இருந்தது என்பதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுரை அனுப்பியதையே சொல்லவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும்” என்றாள் சின்னவள்.

“கல்யாணமா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. திருட்டு.”

“ஐயோ, என்ன போச்சு?”

“எதுவும் போகல. நான்தான் திருடிட்டேனாம்.”

அப்பா தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். சின்னவள் கைப்பேசியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

இந்தத் துறையில் வழக்கம் இது. கட்டுரையிலிருந்து எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். யார் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியாது. யார் படித்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிக்கொண்டால் நியாயம் நேராக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

“முதல் ஆள் நல்லாத்தான் எழுதியிருக்கார். ‘ஏற்கலாம்’னுட்டார். ரெண்டாவது ஆளைக் கேளுங்க” என்றாள்.

“முதல்ல நீ என்ன எழுதினேன்னு சொல்லு. அதாவது, சுருக்கமா” என்றார் அப்பா.

“அந்த ஊர்ல சந்தைப் பதிவு ஒண்ணு இருக்குப்பா. அதுல சில நாளுக்கு நேரே ‘மழை, சந்தை இல்லை’ன்னு குமாஸ்தா எழுதி வெச்சிருக்கான். எல்லாரும் அதை மழைன்னே படிச்சுட்டுப் போயிட்டாங்க. ஆனா அதே ஊர் ஆஸ்பத்திரி முற்றத்துல மழை அளக்கிற குழாய் ஒண்ணு இருந்திருக்கு. அந்தக் கணக்கையும் பார்த்தேன். அந்த நாள்ல எல்லாம் ஒரு சொட்டுகூட பெய்யல.”

“பின்ன ஏன் மழைன்னு எழுதினான்?” என்றாள் அம்மா.

“சந்தையைக் கரையிலிருந்து மேட்டுக்கு மாத்திட்டாங்கம்மா. அந்தக் கோபத்துல மீன் விக்கிற பொம்பளைங்க ஒருத்திகூட வரல. வரலன்னு எழுதினா மேல இருக்கிறவன் ஏன்னு கேப்பான். மழைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“விவரமான ஆளு” என்றாள் அம்மா.

பேராசிரியர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. சின்னவள் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

“‘இக்கட்டுரை நன்றாக எழுதப்பட்டுள்ளது. வருத்தம் அதுவே.’ ஆரம்பத்தைப் பாருங்க. ‘இதன் மையக் கருத்து, நான் நேரில் கேட்ட, இன்னும் அச்சில் வராத ஓர் உரையில் ஓர் இளம் ஆய்வாளர் முன்வைத்தது. அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் நிதானமாக எழுதுபவர். அவருடைய உழைப்பை வேறொருவர் அவசரமாக அறுவடை செய்வதை இதழ் அனுமதிக்கலாகாது.’”

“அவசரமாக அறுவடை. எழுத்து என்னவோ நல்லாயிருக்கு” என்றார் அப்பா.

“அப்பா.”

“இல்லம்மா, அதாவது, எழுத்தை மட்டும் சொன்னேன்.”

அந்த எழுத்து யாருடையது என்பதை வாசகர்களிடம் மறைத்துப் பயனில்லை. அதை எழுதியவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். பெயரில்லாமல் வந்த கட்டுரையைப் படித்து, தன் மைத்துனியின் கருத்தை எவனோ தூக்கிக்கொண்டு போகிறான் என்று கொதித்து, அவளுக்காக அந்த அறிக்கையை எழுதியவர் அவர்தான்.

“இதழாசிரியர் என்ன சொல்றாங்க?” என்றாள் பெரியவள்.

“குற்றச்சாட்டு கடுமையா இருக்காம். அது தீர்ற வரைக்கும் கட்டுரையை நிறுத்தி வெச்சிருக்காங்களாம்.” சின்னவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். “நான் இதைப் பேசினது ஒரே ஒரு தடவை. எங்க காலேஜ் கூட்டத்துல. அத்தான், நீங்ககூட வந்து கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தீங்களே.”

“ஆமா” என்றார் பேராசிரியர்.

“அன்னிக்கு அங்க இருந்த யாரோ என் பேச்சைக் கேட்டுட்டு, அவரோட மாணவன் எவனுக்கோ எடுத்துக் கொடுத்திருக்கார். அவன் அதைத் தன்னோடதுன்னு எங்கயோ போய்ப் பேசியிருக்கான். இந்த ரெண்டாவது ஆள் அதைக் கேட்டுட்டு, என்னைத் திருடிங்கறார். எடுத்துக் கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். மப்ளர்தான்.”

மப்ளர் என்பது அவள் துறையின் மூத்தவர். வெயில் காலத்திலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வருபவர். வியாழக்கிழமைக் குழுவில் அவரும் ஒருவர்.

“சாப்பிட்டதும் அவருக்கு எழுதப் போறேன். நேராவே கேட்டுடறேன்.”

“அந்தக் குழுவுல இருக்கிறவர்கிட்டயா?” என்றாள் பெரியவள்.

“எப்படியும் போற வேலைதானே. கேட்டுட்டே போறேன்.”

அம்மா மாப்பிள்ளையின் தட்டைப் பார்த்தாள். “என்ன மாப்பிள்ளை, உப்பு கூடிப்போச்சா?”

“இல்ல அத்தை. போதும்” என்று அவர் எழுந்து கை கழுவப் போனார். போனவர் திரும்பி வரவில்லை.

பின்பக்க பால்கனியில், காயப்போட்ட படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பெரியவள் விரிப்பை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“நீங்கதானே?”

அவர் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“‘வருத்தம் அதுவே.’ இப்படி எழுதற மனுஷன் வேற யாரு இருக்கா? நம்ம கல்யாணப் பத்திரிகைக்கே மூணு திருத்தம் போட்டவர் நீங்க.”

“பேர் இல்லாமத்தான் வந்துச்சு. எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அவளுக்காகத்தான் எழுதினேன்.”

“அதான் சிரிக்கறதா அழறதான்னு புரியல.” அவள் விரிப்பின் நுனியைப் பிடித்து ஈரம் பார்த்தாள். “இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

அவர் யோசித்து வைத்திருந்தார். யோசிப்பதற்கு அவருக்கு எப்போதும் அதிக நேரம் பிடிக்காது, அதுதான் சிக்கல். “திங்கட்கிழமை காலையில புது அறிக்கை அனுப்பிடறேன். ‘மறுபடி படித்தேன், ஐயம் நீங்கியது, வெளியிடலாம்’னு ரெண்டு வரி. முதல் ஆள் ஏற்கலாம்னுட்டார். வியாழனுக்குள்ள ஏற்புக் கடிதம் அவ கைக்கு வந்துடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.”

“உண்மையைச் சொன்னா?”

“நான் அவளுக்கு உறவு. என் அறிக்கையே செல்லாது. வேற ஒருத்தரைப் பிடிச்சு, அவர் படிச்சு எழுத மாசக்கணக்காகும். வியாழக்கிழமை போயிடும்.”

பெரியவள் விரிப்பை விட்டாள். “அவளைக் கேக்காம ஒரு தடவை அவளுக்காக முடிவெடுத்தாச்சு. இது ரெண்டாவது தடவை.”

உள்ளே சின்னவள் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். மேசை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“‘நீங்கள்’ வேண்டாம். ‘தாங்கள்’னு போடு. கோபமா எழுதும்போது மரியாதை கொஞ்சம் தூக்கலா இருக்கணும்” என்றார் அப்பா. “அதாவது, அப்பதான் உறைக்கும்.”

“‘தாங்கள் என் உரையைக் கேட்ட பிறகு’… சரியா?”

“அனுப்பாதே” என்றார் பேராசிரியர், பால்கனிக் கதவருகில் நின்றபடி.

“ஏன் அத்தான்? ஆதாரம் போதாதா?”

“மப்ளர் ஒண்ணும் பண்ணல. எவனுக்கும் எதையும் கொடுக்கல. அந்த ரெண்டாவது ஆள் நான்.”

சின்னவளின் நாற்காலிக் கால் ஒருமுறை ஆடி நின்றது. சமையலறையில் அம்மா குழாயை மூடினாள்.

“அப்போ அந்த இளம் ஆய்வாளர்?”

“நீதான்.”

“திருடினவ?”

“அதுவும் நீதான். எனக்குத் தெரியல.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து போய் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சின்னவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியைப் பாதி மூடினாள். “எனக்காக ஒருத்தர் சண்டை போட்டு, என்னையே அடிச்சிருக்கார். சரி. அது விதி. பேர் இல்லாம வந்தா யாருக்கும் தெரியாது. நான் ஒண்ணுதான் கேக்கறேன். படிக்கும்போது ஒரு இடத்துலகூட, இது அவ எழுதினதா இருக்குமோன்னு தோணலையா?”

தோன்றியது, ஆனால் ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது கொஞ்சம் கௌரவமான பொய். பேராசிரியர் அந்த மேசையின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தோணல. நீ இன்னும் எழுதிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன். இவ்வளவு நல்லா முடிச்சிருப்பேன்னு நினைக்கல.”

பெரியவள் கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள். தங்கையின் பக்கத்திலும் அதே தூரம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டாள்.

“எப்ப இங்க வந்தாலும் ‘எழுதியாச்சா?’ன்னு கேப்பீங்க” என்றாள் சின்னவள். “நான் சிரிப்பேன். அதையே பதில்னு வெச்சுக்கிட்டீங்க.”

“ஆமா.”

“நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டீ” என்றாள் பெரியவள்.

“சொன்னா, அத்தான் சொல்லித்தான் வந்துச்சும்பாங்க. எங்க காலேஜ்ல ஏற்கனவே பாதிப் பேர் அப்படித்தான் பேசறாங்க. அதனாலதான் அந்தக் கூட்டத்துல பேசினதைப் பத்தின அடிக்குறிப்பைக்கூட எடுத்துட்டேன். பேரை மட்டும் மறைச்சுட்டு குறிப்பை வெச்சிருக்கலாம், விதி அதுதான். அத்தான் கண்ணுல பட்டா கண்டுபிடிச்சுடுவார்னு மொத்தமா தூக்கிட்டேன்.”

சன்னல் பக்கமிருந்து அப்பா திரும்பினார். “அடிக்குறிப்பையா எடுத்தே?”

“ஆமாப்பா.”

“அதைப் போய் எடுப்பாங்களா” என்றார் அவர், தன் கையையே யாரோ வெட்டினாற்போல.

இப்போது சின்னவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

பேராசிரியர் தன் இரண்டு வரித் திட்டத்தைச் சொன்னார். இந்தத் தடவை அவளிடமே சொன்னார். திங்கள் அனுப்பினால் வியாழனுக்குள் வேலை நிற்கும் என்பதையும், உண்மையை எழுதினால் நிற்காமல் போகலாம் என்பதையும் கூட்டிக் குறைக்காமல் சொன்னார்.

அம்மா சமையலறை வாசலில் கை துடைத்துக்கொண்டே கேட்டாள். “எனக்கு ஒண்ணு புரியல. மாப்பிள்ளை மாத்தி எழுதினா யாருக்கு நஷ்டம்? கட்டுரை இவளோடது. கருத்தும் இவளோடது. முதல் ஆளும் நல்லாயிருக்குன்னுட்டார்.”

நியாயமான கேள்வி. சின்னவள் எழுந்து தண்ணீர் பிடித்து வந்து, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வாடகை வீட்டில் அவள் வாங்கிப் போட்டிருக்கும் புத்தக அலமாரி, பக்கத்து அறைச் சக ஆசிரியை, தன் பெயர் ஒட்டிய அந்தச் சிறிய கதவு எல்லாம் அந்தத் தண்ணீரில் தெரிந்தாற்போல அதையே பார்த்தாள்.

“மாத்தி எழுதினா, காரணம்னு என்ன போடுவீங்க அத்தான்?”

“‘ஐயம் நீங்கியது’ன்னு.”

“எப்படி நீங்குச்சுன்னு கேட்டா?”

“கேக்க மாட்டாங்க.”

“ஏன் கேக்க மாட்டாங்க?”

“அப்படி எழுதினா யாரும் கேக்கறதில்ல.”

சின்னவள் தம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ மழைன்னு எழுதப் போறீங்க.”

பேராசிரியர் தலை நிமிர்ந்தார்.

“நாலு வருஷமா அந்த ஒரு வார்த்தையை நம்ப மாட்டேன்னு உட்கார்ந்திருக்கேன். அந்தக் கட்டுரை வெளிவர்றதுக்கே ஒருத்தர் மழைன்னு எழுதினார்னா, அப்புறம் நான் அதை எடுத்துப் படிக்க முடியாது. நடந்ததை எழுதுங்க.”

“வியாழக்கிழமை?”

“வியாழக்கிழமை நான் போய் உட்கார்றேன். கட்டுரை மறுபடியும் படிப்புக்குப் போயிருக்குன்னு சொல்றேன். வெச்சுக்கிட்டா வெச்சுக்கட்டும்.” குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. “வெச்சுக்கலன்னா, வந்து இந்த ஆடற நாற்காலியில உட்கார்ந்து அக்காவுக்கு அகரவரிசை போடறேன்.”

“எனக்கு உன்னை மாதிரி மெதுவா எழுதற ஆள் வேண்டாம்” என்றாள் பெரியவள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆய்விதழின் ஆசிரியர் பழைய காலத்து அம்மையார். மதிப்பீட்டை ஒருவர் திரும்பப் பெறுவதென்றால் கையெழுத்திட்ட காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் விதி. பேராசிரியர் மேசையில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து எழுந்தவரிடமிருந்து சின்னவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

“இது பெயர் தெரிஞ்ச மதிப்பீடு” என்றாள். பேனாவைத் திறந்தாள்.

அவர் நின்றுகொண்டே காத்திருந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மாணவனைப் போல இருந்தது.

“முதல் பத்தி சரி. ரெண்டாவதுல, ‘துரதிருஷ்டவசமாக’ன்னு போட்டிருக்கீங்க. அதிருஷ்டம் ஒண்ணும் பண்ணல. எடுத்துடுங்க.”

“எடுத்துடறேன்.”

“கூட்டத்துல அந்தக் கருத்தைச் சொன்னவரும் கட்டுரையை எழுதினவரும் ஒருத்தர்தான்னு நேரா சொல்லணும். சுத்தி வளைச்சிருக்கீங்க.”

“சரி.”

“என்கிட்ட சொல்லிட்டீங்கங்கறதையும் எழுதுங்க. விதிப்படி சொல்லியிருக்கக் கூடாதுல்ல?”

“கூடாது. அதுக்காக என்னை இனிமே கூப்பிடாமக்கூட போகலாம்.”

“எழுதுங்க.”

அவர் எழுதினார். சின்னவள் கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தாள். அதில் இப்படி இருந்தது: ‘கட்டுரையை மறுத்ததில் ஒரு தவறு. அதை எழுதக்கூடியவர் என்று ஆசிரியரை நினைக்காமல் போனது அதைவிடப் பெரியது. முதலாவது இதழுக்குரியது, அதைத் தாங்கள் சரிசெய்யலாம். இரண்டாவதை நான்தான் செய்ய வேண்டும்.’

பேனாவை மூடினாள். “சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம்” என்றாள். அவரிடம் அல்ல, தாளிடம் சொன்ன மாதிரி இருந்தது.

கூரியர் கடை இரண்டு தெரு தள்ளி, கண்ணாடி விற்கும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில். அவர்கள் இருவரும் நடந்தே போனார்கள். சலவைக் கடையின் சூடான காற்று வந்த இடத்தில் அவர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். அவளும் ஒதுங்கி நின்றாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நடந்தார்கள்.

கடை வாசலில் அவள் கைப்பேசி அடித்தது. திரையில் மப்ளரின் பெயர். சனிக்கிழமையில் அவர் யாரையும் கூப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை.

“எடு” என்றார் பேராசிரியர்.

“அந்த மின்னஞ்சலை அனுப்பவே இல்லையே. எதுக்குக் கூப்பிடறார்?” அடித்து ஓயும் வரை திரையைப் பார்த்தாள். உடனே மறுபடியும் அடித்தது. சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டாள். “முதல்ல இது போகட்டும்.”

கவுன்டரில் இருந்த பெண் உறையை வாங்கிப் புரட்டினாள். “பெறுநர் இருக்கு. அனுப்புநர் காலியா இருக்கே.”

பேராசிரியர் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார். பழக்கம்தான். இத்தனை வருடமாக அந்த இதழுக்கு அவர் அனுப்பிய எதிலும் தன் பெயரை வெளியே எழுதியதில்லை.

“போடாம அனுப்ப முடியாதுங்களா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் எடுத்துக்க மாட்டோம் சார்.”

சின்னவள் கவுன்டரில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “முழுப் பேரா போடுங்க அத்தான்.”

அவர் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து அதுவரை அவள் அவரை அத்தான் என்று கூப்பிட்டிருக்கவில்லை. அவர் கயிறு எட்டுகிற வரை குனிந்து, பட்டங்கள் எதுவும் சேர்க்காமல் தன் முழுப் பெயரை எழுதினார். கவுன்டர் பெண் மடிப்பில் இருந்த ஒட்டுத்தாளை உரித்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். மேலே ஒரு முத்திரை. பிறகு உறையைப் பின்னாலிருந்த பையில் போட்டுவிட்டு, “அடுத்து யாருங்க?” என்றாள்.